10 மீட்டர் ஏர் ரைபிள் ரேஞ்ச்: நாலு சுவரும் கான்கிரீட்டா போடணுமா?

கேடிசி நகர்:

வணக்கம். பாளையங்கோட்டை கேடிசி நகர் தாண்டி 40-க்கு 60 அடி மனை ஒண்ணு சும்மா கிடக்கு, ஐந்தரை சென்ட். அதுல 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு ஒரு ஹால் கட்டலாம்னு திட்டம். ஆறு லேன் (ஆளுக்கு ஒண்ணா சுடுற பாதை). காகித டார்கெட்தான், மின்னணு டார்கெட் பிறகு பார்த்துக்கிடலாம்.

கான்ட்ராக்டர் சொல்லுதது இது: துப்பாக்கி சமாச்சாரம், அதனால நாலு சுவரும் 10 இஞ்ச் ஆர்சிசி (கம்பி கட்டின கான்கிரீட்), மேலயும் கான்கிரீட், வெளியே ஒரு ஜன்னல் கூட கிடையாது. கொட்டேஷனைப் பார்த்தா மாடி வீடே கட்டிரலாம். கூடவே, "இவ்வளவு கனமா போட்டா நாளைக்கு .22 ரைபிளும் இதுலயே சுட்டுக்கிடலாம்" என்கிறார். .22-ன்னா வெடிமருந்துத் தோட்டா போடுற ரைபிள். அது சரியா?

சுவர் கனம், ஹால் அளவு, குண்டு விழுற பெட்டி எப்படி அடிக்கணும், லைட், ஏசி, அனுமதி, இதுல விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க. சித்திரை வெயில்ல சுட வாரவங்க உருகிரக்கூடாது, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.


பத்து மீட்டர்:

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கிடுவோம் அண்ணாச்சி. ஏர் ரைபிள் ரேஞ்சில் குண்டை நிறுத்துவது டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் டிராப் பெட்டி, நீங்கள் சொன்ன குண்டு விழும் பெட்டி. சுவர், பெட்டியைத் தவறவிட்ட குண்டுக்குத்தான். போட்டி ரைபிளில் 4.5 மி.மீ. பெல்லட் (ஈயக் குண்டு) ஒன்றின் எடை 0.53 கிராம் அளவில் இருக்கும், வேகம் நொடிக்கு 175 மீட்டர் பக்கம். ஆற்றல் கணக்குப் போட்டால் சுமார் 8 ஜூல். இதைத் தடுக்க பூசின நாலரை அங்குலச் செங்கல் சுவரே போதும். 10 அங்குல ஆர்சிசிக்கு இங்கே வேலையே இல்லை.

வெறும் கான்கிரீட்டில் வேறு தொல்லையும் உண்டு. ஈய பெல்லட் செங்குத்தான கடினமான பரப்பில் பட்டால் நசுங்கி, துண்டாகி, ஒரு பகுதி சுட்டவர் பக்கமே திரும்பி வரும். கூடவே சிமெண்ட் சில்லும் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் டார்கெட் சுவர் முழுக்க, தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் வரை, 50 மி.மீ. மரச்சட்டம் அடித்து அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் பொருத்துங்கள். சட்டத்தின் கனத்துக்குச் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். குண்டு மரத்தில் புதையும், மீறிப் போனாலும் இடைவெளிக்குள் விழும். அதற்கு முன்னால் கனத்த கான்வாஸ் துணியை இரண்டு அடுக்காக, இறுக்காமல் தொளதொளவென்று தொங்கவிட்டால் இன்னும் நல்லது. துணி பின்னால் ஒதுங்கி ஒதுங்கித்தான் குண்டின் வேகத்தைத் தின்னும். இழுத்துக் கட்டினால் அந்தப் பலன் போய்விடும். ஜிப்சம் போர்டு வேண்டவே வேண்டாம், ஓட்டை விழும்.

பிளைவுட் வாங்கும்போது பிடபிள்யூபி 710 தரம் (கொதிநீர் தாங்கும் பலகை) கேளுங்கள். நம்ம ஊர்க் கரையானுக்குச் சாதாரணப் பலகை இரண்டு மழைக்காலம் தாங்காது. கீழ்விளிம்பைத் தரையில் உட்கார்த்தாமல் அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள், சட்டங்களுக்குப் பின்பக்கமும் கரையான் மருந்து அடியுங்கள்.

இனி அளவு. சுடும் கோட்டின் விளிம்பிலிருந்து காகிதத்தின் முகப்பு வரை 10.00 மீட்டர். சர்வதேச விதியில் அனுமதிக்கும் பிசகு 5 செ.மீ. மட்டும். டார்கெட்டின் மையம் சுடும் இடத்துத் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரம், அதிலும் 5 செ.மீ.தான் கூடக் குறைய இருக்கலாம். லேன் அகலம் குறைந்தது 1 மீட்டர். ஆனால் ரைபிள் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 1 மீட்டர் நெருக்கம். 1.2 மீட்டர் வையுங்கள்.

ஆறு லேனுக்கு 7.2 மீட்டர், இரண்டு ஓரத்திலும் அரை மீட்டர் விட்டால் உள்ளகலம் 8.2 மீட்டர், 27 அடி. நீளத்துக்கு: டார்கெட்டுக்குப் பின்னால் 0.9 மீட்டர், பிறகு 10 மீட்டர், சுடுபவர் நிற்க 1.5, கோச் நடக்க 1.2, உட்கார பெஞ்சுக்கு 1.2. மொத்தம் 14.8. உள்ளளவு 49 அடிக்கு 27 அடி என்று வரையுங்கள். மூன்று சென்டில் அடங்கிவிடும், உங்கள் மனையில் நாலு பக்கமும் இடம் விட வழி இருக்கு.

அந்த 0.9 மீட்டரை மட்டும் யாரும் குறைக்க விடாதீர்கள். டிராப் பெட்டியின் ஆழம், பலகை, ஈயத் தட்டை உருவி எடுக்க ஆள் குனியும் இடம் எல்லாம் அதற்குள்தான். சுவரிலிருந்து ஒரு அடி போதும் என்று சிக்கனம் பார்த்த ஹாலில் டார்கெட்டை முன்னால் தள்ள வேண்டி வரும், அப்புறம் 10 மீட்டர் 9.6 ஆகிவிடும்.

வாசல் சுடும் கோட்டுக்குப் பின்னால்தான். முன்பக்கம் கதவோ ஜன்னலோ கூடாது. கான்ட்ராக்டர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் பாதி சரி. பின்பக்கத்தில் ஜன்னல் தாராளமாக வைக்கலாம், ஆனால் வெயில் டார்கெட் மேல் நேராக விழக்கூடாது.


பேட்டை சிவில்:

மேலே சொன்ன அளவை வைத்து 10 அங்குல ஆர்சிசிக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். சுற்றளவு 46 மீட்டர், உயரம் 3.3 என்றால் 152 சதுர மீட்டர் சுவர். கான்கிரீட் மட்டும் 38 கன மீட்டர். கன மீட்டருக்கு 8 மூட்டை வைத்தால் 300 மூட்டைக்கு மேல் சிமெண்ட். 12 மி.மீ. கம்பியை இரு முகத்திலும் 200 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் 2.7 டன், ஓவர்லாப் சேர்த்தால் 3 டன். இரண்டு பக்கமும் சென்ட்ரிங் பலகை வாடகை தனி. இத்தனையும் 8 ஜூல் குண்டுக்கு!

செய்ய வேண்டியது: டார்கெட் சுவர் மட்டும் 8 அங்குல சாலிட் பிளாக். 400-க்கு 200-க்கு 200 மி.மீ. கல், சதுர மீட்டருக்கு 12.5 கல் கணக்கில் 27 சதுர மீட்டருக்கு 340, உடைசல் சேர்த்து 360 வாங்குங்கள். மற்ற மூன்று சுவரும் 6 அங்குல சாலிட் பிளாக், கதவு ஜன்னல் கழித்து 1,500 கல் பக்கம். 8 அங்குலக் கல் ஒன்று 35 கிலோ வரும், கொத்தனாருக்குக் கூடுதல் கையாள் வேண்டும், கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். பாரம் தாங்குவது தூணும் பீமும்தான், கல் வெறும் அடைப்பு. ஹாலோ பிளாக்கும் ஏர் ரைபிளுக்குத் தாங்கும், ஆனால் மரச்சட்டத்துக்கு ஆங்கர் அடிக்கும்போது உள்ளே வெற்றிடத்தில் போய் லொடலொட என்று ஆடும். அதனால்தான் சாலிட் சொல்கிறேன்.

கூரைதான் இந்தக் கட்டடத்தில் யோசிக்க வேண்டிய இடம். 8.2 மீட்டர் அகலத்தில் நடுவே தூண் வைக்க முடியாது, குண்டு போகிற பாதை. ஆகவே குறுக்கு பீம். சிலாப் கனத்தையும் சேர்த்து 700 மி.மீ. ஆழம் பக்கத்தில் வரும், சரியான கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் போட வேண்டும். நீளவாக்கில் 3.7 மீட்டருக்கு ஒரு பீம் என்றால் இரண்டு கடைசியும் சேர்த்து ஐந்து பீம். பீமின் அடிப்பாகம் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஆக சிலாப் 3.6, 3.7 மீட்டருக்குப் போய்விடும். வீட்டுக்குப் போடுகிற பத்தடி கணக்கில் சிலாப் போட்டால் பீம் தலைக்கு மேல் தொங்கும், லைட்டும் ஏசியும் எங்கே மாட்டுவது?

இதில் ஒரு உத்தி இருக்கு. டார்கெட் பக்கத்துப் பீமைச் சுவரை ஒட்டிப் போடாமல், டார்கெட் கோட்டுக்கு 1.2 மீட்டர் முன்னால் வருகிற மாதிரி இன்ஜினியரிடம் கேளுங்கள். டார்கெட் லைட்டை அந்தப் பீமின் பின்முகத்தில், அதாவது டார்கெட்டைப் பார்க்கும் பக்கத்தில் மாட்டிவிடலாம். சுடுபவர் கண்ணில் வெளிச்சம் நேராக அடிக்காது, தவறின குண்டும் லைட்டில் படாது. தனியாக மறைப்புப் பலகை செலவு மிச்சம்.

செலவைக் குறைக்கணும் என்றால் இரும்பு டிரஸ் போட்டு ஷீட் மேயலாம். ஆனால் ஐப்பசி மழையில் ஷீட் மேல் விழும் சத்தத்தில் கோச் பேசுவது காதில் விழாது, கோடையில் ஏசி தோற்றுப்போகும். ஷீட்தான் என்றால் உள்ளே பஃப் பேனல் (சூடு தடுக்கும் ஃபோம் பலகை) வையுங்கள். காங்கிரீட் சிலாப் என்றால் மேலே சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும், அதற்கு மேல் வெள்ளைப் பூச்சும்.

மண்: பாளையங்கோட்டையில் செம்மண்ணும் அடியில் சுக்கானும் கிடைத்தால் சாதாரண புட்டிங் போதும். வடக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி மாதிரிக் கரிசல் தட்டுப்பட்டால் கதை வேறு. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், தரை சிலாப்பை ஒரு பக்கம் தூக்கிவிடும். டார்கெட் உயரம் 5 செ.மீ. பிசகுக்குள் நிற்க வேண்டிய இடத்தில் அது தாங்காது. மூலைக்கு ஒன்றாகக் குழி தோண்டிப் பாருங்கள், பிறகு புட்டிங் முடிவு செய்யலாம்.

தரை: சுடுபவர் நிற்கும் இடம் அசையவே கூடாது. மரத்தளம், உள்ளே வெற்றிடம் விட்ட மேடை இரண்டும் தப்பு, பக்கத்து லேன்காரர் காலை மாற்றினால் இவருக்குத் துப்பாக்கி ஆடும். இறுக்கிய கிராவல் மேல் 125 மி.மீ. கான்கிரீட், சுடும் கோட்டை ஒட்டி ஜாயின்ட் வராமல் ஒரே மூச்சில் போடுங்கள். மேலே 2 மி.மீ. எபாக்சி அல்லது வினைல் ஷீட். சிலாப் 28 நாள் ஆகி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் எபாக்சி. ஈரத்தோடு போட்டால் கொப்புளம் கிளம்பும். டைல்ஸ் பளபளப்பு கண்ணைக் கூசும், இணைப்பில் ஈயத்தூள் உட்காரும். கார்ப்பெட் அதைவிட மோசம்.


தேரிக்காடு:

பிளைவுட் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி? பழைய லாரி டயர் அடுக்கி, முன்னால மணல் மூட்டை வச்சா செலவே இல்லையே. மணலுக்கா நம்ம பக்கம் பஞ்சம்?


பத்து மீட்டர்:

டயர் ஏர் பெல்லட்டுக்குப் பொருந்தாது. வேகமாகப் போகிற தோட்டா ரப்பருக்குள் துளைத்துப் போய் நின்றுவிடும், அதனால் பெரிய துப்பாக்கி ரேஞ்சில் ரப்பர் வேலை செய்யும். 8 ஜூல் பெல்லட்டுக்குத் துளைக்கும் வலு கிடையாது, ரப்பர் அதை அப்படியே திருப்பி அனுப்பும். கன்வேயர் பெல்ட் தொங்கவிடுவதும் இதே கதைதான்.

மணல் மூட்டை வெளியே திறந்தவெளிக்குச் சரி. ஹாலுக்குள் சாக்கு ஓட்டையாகி ஒழுகும், தூசி பறக்கும், ஈயம் மணலோடு கலந்துவிட்டால் பிறகு அந்த மொத்த மணலும் கழிவு. இப்போது கிடைப்பது எம்-சாண்ட், அதில் சில்லுக் கல் இருந்தால் தெறிப்பு வேறு.

டிராப் பெட்டி பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் அடித்துவிடலாம். வாய் 300-க்கு 300 மி.மீ., ஆழம் 400. உள்ளே 4 மி.மீ. எம்எஸ் (சாதா இரும்பு) தகடு 45 டிகிரி சாய்வில். சாய்வின் திசையைப் பட்டறையில் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், படம் வரைந்து கொடுங்கள்: தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் முன்னால் வர வேண்டும், கீழ்விளிம்பு பின்னால் போக வேண்டும். அப்போதுதான் குண்டு கீழ்நோக்கித் திரும்பித் தட்டில் விழும். மாற்றி வைத்தால் கூரைக்குப் போகும். வாயின் அடியில் 50 மி.மீ. உதடு மடியுங்கள், தட்டில் தெறிப்பது வெளியே வராது. அடிபடும் முகத்தில் வெல்டு மேடும் போல்ட் தலையும் இருக்கக்கூடாது. தட்டு பின்பக்கமாக உருவுகிற மாதிரி இருக்கட்டும்.

ரைபிள் காகிதம் 80-க்கு 80 மி.மீ., பிஸ்டல் காகிதம் 170-க்கு 170. இரண்டும் மாட்டுகிற கிளிப் வைத்த கேரியர், கையால் சுற்றும் கம்பி வடம் போதும். மோட்டார் கேரியர் சொகுசுதான், ஆனால் வடம் தொய்ந்தால் காகிதம் ஆடும், ஆடுகிற காகிதத்தில் 0.5 மி.மீ. பத்துப் புள்ளியை யார் அடிப்பது? கேரியர் வந்து நிற்கும் இடத்தில் இறுக்கமான தடுப்பு வையுங்கள்.

பிபி என்று விற்கிற இரும்பு உருண்டைகளை ஹாலுக்குள் அனுமதிக்காதீர்கள். அவை நசுங்காது, முழு வேகத்தில் திரும்பும். கண்ணாடி எல்லோருக்கும் கட்டாயம், பார்க்க நிற்பவருக்கும்.


கேடிசி நகர்:

ரொம்ப உபகாரம். கான்ட்ராக்டர்ட்ட கணக்கைக் காட்டியாச்சு, ஆள் கப்சிப். லைட்டும் ஏசியும் யாராவது சொல்லுங்க. அந்த .22 விஷயமும் பாக்கி இருக்கு.


காத்தும் கரண்டும்:

லைட்டுக்கு இரண்டு எண் ஞாபகம் வைங்க. டார்கெட் மேல் குறைந்தது 1,500 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), ஹால் பொதுவெளிச்சம் 300. எல்இடி நாளாக ஆக மங்கும், அதனால் தொடக்கத்தில் டார்கெட்டில் 1,800 வருகிற மாதிரிப் போடுங்கள், பொதுவெளிச்சத்தை 500-க்கு.

டார்கெட் வரிசை 8 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரப் பட்டை என்றால் 8 சதுர மீட்டர். 1,500 லக்ஸுக்கு 12,000 லூமன் (மொத்த ஒளியின் அளவு) அங்கே போய்ச் சேர வேண்டும். விளக்கில் கிளம்புவதில் 40 சதவீதம்தான் சேரும் என்று வைத்தால் 30,000 லூமன். 20 வாட் டியூப் ஒன்று 2,000 லூமன் தந்தால் 15 டியூப். ஒரு பக்கமாகத் திருப்பும் ரிஃப்ளெக்டர் வைத்த பிட்டிங் கிடைத்தால் பத்தில் முடியும். நிறம் 4,000 முதல் 5,000 கெல்வின். விலை மலிந்த டிரைவர் துடிக்கும், கண் வலிக்கும், வாங்கும் முன் செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் வரிவரியாக ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லக்ஸ் மீட்டரில் அளக்கும்போது பலர் மீட்டரை வானம் பார்த்துப் பிடிக்கிறார்கள். டார்கெட் செங்குத்தாக நிற்கிறது, அளவியின் கண்ணையும் காகிதத்தின் முகத்தோடு ஒட்டி, சுடுபவரைப் பார்த்து வைக்க வேண்டும். வானம் பார்த்து 1,800 காட்டும், செங்குத்தில் 900 கூட வராது. ஆறு டார்கெட்டிலும் அளந்து வித்தியாசம் பாருங்கள். பின்னால் தெரியும் சுவர், துணி எல்லாம் பளபளக்காத வெளிர் நிறம். கறுப்பு அடித்தால் காகிதம் மட்டும் கண்ணை அடிக்கும்.

காற்று: ஹாலின் கொள்ளளவு 400 கன மீட்டர். டார்கெட்டுக்குப் பின்னால் உறிஞ்சி, சுடுபவருக்குப் பின்பக்கத்திலிருந்து புதுக்காற்று வர வேண்டும். ஈயத்தூள் எப்போதும் ஆளை விட்டு விலகியே போகணும், அதுதான் விதி. சுடும் நேரத்தில் மணிக்கு மூன்று முறை காற்று மாறினால் 1,200 கன மீட்டர். இதற்கு மேல் ஆசைப்பட்டால் ஏசி பாழ். பங்குனி சித்திரையில் வெளிக்காற்று 1,200 கன மீட்டரைக் குளிர்விக்கவே 3 டன் ஏசி போய்விடும். கூரை வெயில், பன்னிரண்டு பேர் உடம்புச் சூடு, விளக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் 8 டன் பக்கம் எதிர்பாருங்கள். பயிற்சி முடிந்து ஏசியை நிறுத்தியபின் ஃபேனை முழு வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் நல்லது. இரண்டு வேகம் உள்ள ஃபேனாக வாங்குங்கள்.

ஏசி ஊதுவது லேன் குறுக்கே போகக்கூடாது. காகிதம் படபடக்கும், சுடுபவர் கழுத்தில் குளிர் அடித்தால் தோள் இறுகும். பின்சுவரில் மாட்டி, கூரையை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் வாயை மேற்கே வைக்காதீர்கள். ஆனி ஆடியில் மேல்காத்து அடிக்கிற அடிக்கு ஃபேன் தள்ளுவதை அப்படியே உள்ளே திருப்பும். கிழக்கே, மழைத்தொப்பி போட்டு, உள்பக்கம் கழற்றி மாற்றுகிற ஃபில்டரோடு. பக்கத்து வீட்டுக் கிணறோ துவைக்கிற கல்லோ அந்தத் திசையில் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

டார்கெட் லைட்டுக்கும் வெளியேறும் வழிக்கும் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் துப்பாக்கியில் குண்டோடு இருட்டில் யாரும் நடமாடக் கூடாது, பொதுவெளிச்சம் இரண்டு விளக்காவது எரிய வேண்டும்.


பத்து மீட்டர்:

.22 பற்றி. ஒரே வார்த்தை: அந்த ஹாலில் வேண்டாம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் மறுபடி வருவார்.

.22 லாங் ரைபிள் தோட்டா 2.6 கிராம், நொடிக்கு 325 மீட்டர் பக்கம் போகும், ஆற்றல் 140 ஜூல் பக்கம். உங்கள் ஏர் ரைபிளைப் போல் பதினேழு மடங்கு. திறந்தவெளியில் ஒன்றரை கிலோமீட்டர் வரை போய் விழும். போட்டித் தூரம் ரைபிளுக்கு 50 மீட்டர், பிஸ்டலுக்கு 25. 50 மீட்டர் ஹாலுக்கு 60 மீட்டர் நீளம், கட்டடம் மட்டுமே 12 சென்ட் கேட்கும். உங்களிடம் இருப்பது ஐந்தரை.

சுவர் அங்கே 8 அங்குல ஆர்சிசி, அல்லது ஹாலோ பிளாக் வைத்து எல்லாத் துளையிலும் கான்கிரீட் நிரப்பியது. வைப்ரேட்டர் போடாமல் விட்டால் கான்கிரீட்டுக்குள் தேன்கூடு மாதிரிப் பொந்து விழும், அந்த இடம் பலவீனம். வெறும் கான்கிரீட் முகத்தில் குண்டு சாய்ந்து பட்டால் சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஓடும், நேராகப் பட்டால் சில்லுப் பெயரும். அதனால் பக்கச் சுவரிலும் மரப்போர்வை வேண்டும். கூரையில் குறுக்கு பீம் இருந்தால் அதன் முன்முகம் சுடுபவரைப் பார்த்து நிற்கும், ஒவ்வொன்றையும் இரும்பும் பலகையும் வைத்து மறைக்க வேண்டும். சுடும் இடத்தில் எந்த நிலையில் நின்றாலும், படுத்தாலும், மறைக்காத கான்கிரீட்டோ குழாயோ விளக்கோ கண்ணில் படக்கூடாது. டிராப்புக்கு 500 பிரினெல் (உலோகத்தின் கடினத்தை அளக்கும் எண்) கடினத் தகடு. சாதா எம்எஸ் தகடு குழி விழுந்துவிடும், குழி விழுந்த தகடு ஈயத்தைச் சுட்டவர் பக்கம் தெறிக்கும்.

அதைவிடப் பெரிய செலவு காற்று. தோட்டாவின் பிரைமரிலேயே (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) ஈயச் சேர்மம் இருக்கு, சுட்டவர் மூக்குக்கு முன்னால் புகையாக வரும். அதற்கு ஹாலின் முழுக் குறுக்குவெட்டிலும் நொடிக்கு 0.25 முதல் 0.38 மீட்டர் வேகத்தில் காற்று சீராக முன்னோக்கிப் போக வேண்டும். 8.2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 22,000 முதல் 34,000 கன மீட்டர். மேலே சொன்ன 1,200-ஐயும் இதையும் வைத்துப் பாருங்கள். உள்ளே தள்ளுவதைவிட வெளியே உறிஞ்சுவது பத்து சதவீதம் கூட இருக்கணும். எரியாத வெடிமருந்துத்தூள் சுடும் கோட்டுக்கு முன்னால் சேரும், சத்தத்துக்காகப் பஞ்சு ஃபோம் ஒட்டியிருந்தால் அதில் ஒளிந்துகொண்டு ஒரு பொறிக்குப் பற்றும்.

சட்டமும் வேறு. ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. ஏர் துப்பாக்கி 4.5 மி.மீ. வாய், 20 ஜூலுக்குள் என்றால் தனி ஆளுக்கு உரிமம் தேவையில்லை, வாங்கும்போது அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். 5.5 மி.மீ. ஏர் ரைபிள் அந்த வரம்புக்கு வெளியே. அதையும் ".22 ஏர்" என்றுதான் கடையில் சொல்வார்கள், குழம்பிவிட்டு ஹாலுக்குள் விட்டுவிடாதீர்கள். வாசலிலேயே ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். தோட்டா போடும் துப்பாக்கிக்கு ஆளுக்கும் உரிமம், ரேஞ்சுக்கும் உரிமம்.

ஏர் மட்டும் என்றாலும் கட்டுவதற்கு முன்னால் மூன்று வேலை. கட்டட வரைபடத்தைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, வீடு என்று காட்டாமல் பயிற்சிக்கூடம் என்றே காட்டி அனுமதி வாங்குங்கள். வீடு என்று வாங்கிவிட்டு ஆள் கூட்டினால் பிறகு சீல் வைக்கும்போது பேச வாய் இருக்காது. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஆயுத உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷனோடு இணைந்த கிளப் மூலமாகப் போனால் பிள்ளைகளுக்குப் போட்டி வழியும் திறக்கும்.


பேட்டை சிவில்:

ஒரு சின்னச் சேர்க்கை. சுடும் கோடு, டார்கெட் கோடு இரண்டையும் பூச்சுக்குப் பிறகு அளந்து எபாக்சியில் குறியுங்கள், செங்கல் மட்டத்தில் குறித்த அளவை நம்பாதீர்கள். பூச்சு 15, சட்டம் 50, பலகை 18 மி.மீ. என்று சுவர் முன்னால் வந்துகொண்டே இருக்கும். மையக் கோட்டுக்கு 1.40 உயரத்தில் நூல் கட்டி, லேன் மையத்திலிருந்து டார்கெட் மையம் பக்கவாட்டில் 25 செ.மீ.க்கு மேல் விலகாமல் பாருங்கள். உயரத்தை டியூப் லெவல் வைத்து எடுங்கள், தரையிலிருந்து டேப்பால் தூக்கினால் டார்கெட் பக்கத் தரையின் வாட்டமும் சேர்ந்துவிடும்.

சுவிட்ச் பெட்டி, வயர் பைப் எல்லாம் பின்பாதியில். முன்பாதியில் தவிர்க்க முடியாதது பீமின் பின்முகத்தில் போகட்டும்.


கேடிசி நகர்:

கடைசியா ஒண்ணு. சேருகிற ஈயத்தை என்ன செய்ய? பழைய இரும்புக்கடைக்குப் போட்டா எடுத்துக்கிடுவாங்களா?


பத்து மீட்டர்:

எடுத்துக்கொள்வார்கள், ஆனால் போடாதீர்கள். ஈயக் கழிவு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், ரசீதோடு. கடற்கரைப் பக்கத்திலிருந்து வலைக்குக் குண்டு உருக்கக் கேட்டு வந்தாலும் கொடுக்காதீர்கள். வீட்டு அடுப்பில் வைத்து உருக்குவார்கள், பக்கத்தில் பிள்ளை விளையாடும்.

எவ்வளவு சேரும் என்றால், நாளுக்குப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு 100 குண்டு சுட்டால் 1,200 குண்டு, 636 கிராம். மாதத்தில் 25 நாள் என்றால் கிட்டத்தட்ட 16 கிலோ. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், வெளியே "ஈயம்" என்று எழுதி, மழை படாத இடத்தில்.

தட்டைக் காலி செய்பவர் கையுறையும் நுண்தூளை வடிகட்டும் பி2 தரத்துக்குக் குறையாத முகக்கவசமும் போட வேண்டும். தட்டை உருவும் முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், தூள் கிளம்பாது. விளக்குமாறு ஹாலுக்குள் வரவே கூடாது. ஈரத்துணி மாப்பு, அல்லது ஹெப்பா ஃபில்டர் (நுண்தூளைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வாக்குவம். சாதாரண வீட்டு வாக்குவம் நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும். மாப்பு பிழிந்த தண்ணீரைச் செடிக்கோ வாறுகாலுக்கோ ஊற்றாமல் ஒரு டிரம்மில் தெளியவிட்டு, அடியில் தங்குவதை ஈயத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

கை கழுவும் தொட்டியை வாசலை ஒட்டி, ஹாலுக்கு வெளியே போடுங்கள். சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். உள்ளே தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எதுவும் கூடாது. பிள்ளைகள் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோட் செய்யும் பழக்கம் உண்டு, கோச் முதல் நாளே அதை நிறுத்த வேண்டும். பயிற்சி உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம் என்றும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.